ஏர் ஃபில்டர மாத்துனா கார்பும் மாறிடும்: டர்பன்ல பழைய கார் வச்சிருக்கவங்களுக்கு

தென்னாப்பிரிக்கால எங்க டர்பனுக்குப் பக்கத்துல, டொங்காட், வெருலம் பக்கம் கரும்பு சீசன் ஆரம்பிச்சா வெட்டுறதுக்கு முன்னாடி தோட்டத்துக்கு நெருப்பு வைப்பாங்க, அந்தக் கரி காத்துல பறந்து வந்து கொடில காயுற துணி, வாசல், கார் பானட்னு எல்லாத்து மேலயும் கருப்பு நூல் மாதிரி விழும், இங்க இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். போன வருஷம் அப்படி ஒரு நாள்ல தங்கச்சி மாப்பிள்ளை அவரோட மினிய எடுத்துட்டு எங்க வீட்டுக்கு வந்தாரு. புதுசா பளபளன்னு ஒரு குரோம் ஃபில்டர் போட்டிருக்காரு, போட்டதுல இருந்து வண்டி இழுக்கவே மாட்டேங்குது, மேடு ஏறுனா திணறுதுன்னாரு. "மச்சான், கார்புரேட்டர் போயிடுச்சு போல, புதுசு வாங்கிடவா?"ன்னு கேட்டாரு. கார்புரேட்டருக்கு (காத்தையும் பெட்ரோலையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்புற சாமான், சுருக்கமா கார்ப்) ஒண்ணுமே ஆகல. ஃபில்டர மட்டும் மாத்திட்டு கார்ப தொடாம விட்டதுதான் பிரச்சனை, கூடவே ஃபில்டருக்கும் கார்புக்கும் நடுவுல வைக்கிற கேஸ்கெட்டும் தப்பா போட்டிருந்தாங்க, அத கீழ சொல்றேன்.

நான் வச்சிருக்கிறது 1966 மோரிஸ் மைனர், 1098 சிசி, எஸ்யூ கம்பெனியோட ஹெச்எஸ்2 மாடல் கார்ப் ஒண்ணு. மேகசின் பாரக்ஸ்ல (டர்பன் நகராட்சில வேலை செஞ்ச இந்தியர்களோட குடியிருப்பு) இருந்தவங்கள எல்லாம் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்புனப்ப அப்பாவுக்கு வேலைக்குப் போற தூரம் ரொம்ப அதிகமாயிடுச்சு, அதுக்காகவே செகண்ட் ஹேண்ட்ல வாங்குன வண்டி. அதனால இத நான் சும்மா பொழுதுபோக்குக்கு வச்சிருக்கல, நல்லா ஓடணும்னு நெனைக்கிறேன். நான் சொல்றதுல முக்கால்வாசி மினி, எம்ஜி மாதிரி எஸ்யூ போட்ட எல்லா வண்டிக்கும் பொருந்தும். கார்ட்டினா, பீட்டில் வச்சிருக்கவங்களுக்கும் கடைசில கொஞ்சம் இருக்கு.

முதல்ல ஃபில்டர். கடைக்குப் போனா நாலு வகை காட்டுவாங்க.

கம்பெனில இருந்து வந்த டப்பாவும் அதுக்குள்ள பேப்பர் எலிமெண்டும்தான் முதல் வகை. பாக்க அழகா இருக்காதுதான், ஆனா தெனமும் ஓட்டுற வண்டிக்கு என் ஓட்டு இதுக்குத்தான். தூசிய நல்லா பிடிக்கும், விலை கம்மி, அந்த டப்பாவோட மூக்கு இஞ்சின் சூட்டுல இருந்து தள்ளி இருக்கிற காத்த எடுக்கும். மைனர், மினி இஞ்சின்ல கார்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், கார்புக்கு நேர் கீழதான் சைலன்சர் பைப் கொதிச்சிட்டு இருக்கும், அதனால இந்த மூக்கு சும்மா வச்சது இல்ல. மினி டப்பாவுல மூக்க ரெண்டு இடத்துல திருப்பி வைக்கலாம், குளிர் காலத்துக்கு மேனிஃபோல்ட் பக்கம், வெயில் காலத்துக்கு தள்ளி. அது இங்கிலாந்து பனிக்காக செஞ்சது, டர்பன்ல வருஷம் பூரா வெயில் பக்கமே வச்சிருங்க. பேப்பர் எலிமெண்ட தரைல தட்டி தூசிய உதறலாம், காத்து அடிக்கிறதா இருந்தா உள்பக்கத்துல இருந்து வெளிய மெதுவா அடிங்க. எண்ணெய் ஊறிப் போயிருந்தா தூக்கிப் போட்டுருங்க, அது கழுவுற சாமான் இல்ல.

ரெண்டாவது ஆயில் பாத். பீட்டில்ல இருக்குமே, கீழ எண்ணெய் நிக்கும், வர்ற காத்து அந்த எண்ணெய் மேல வளைஞ்சு போகும்போது தூசி எண்ணெய்ல மாட்டிக்கும். மண் ரோட்டுல ஓடுற பழைய பேக்கிகளுக்கும் (பிக்கப் வண்டி) இதுதான் இருந்துச்சு. இருந்தா கழட்டாதீங்க, எண்ணெய கோடு வரைக்கும் மட்டும் ஊத்துங்க, கீழ சேறு சேர்ந்தா வழிச்சு எடுத்துட்டு புது எண்ணெய் ஊத்துங்க, அவ்ளோதான் வேலை.

மூணாவது எண்ணெய் தடவுன காட்டன் ஃபில்டர், கே அண்ட் என் மாதிரி. காத்து நல்லா விடும், கழுவி கழுவி பல வருஷம் ஓட்டலாம். அதுக்குன்னு விக்கிற கிளீனர்லதான் கழுவணும், பெட்ரோல்ல முக்கக் கூடாது, கம்ப்ரசர் காத்து அடிச்சா துணி கிழியும், நிழல்ல காய வச்சு அப்புறம் எண்ணெய் கொஞ்சமா விடணும். எண்ணெய் விடாம போட்டா தூசி நேரா உள்ள போகும், நெறைய விட்டா அது கார்புக்குள்ள இழுத்துட்டுப் போகும்.

நாலாவது ஸ்பாஞ்ச் ஃபில்டர். நல்ல பிராண்டா இருந்தா நல்லாவே வேலை செய்யும். ஆனா பெயர் தெரியாத மலிவு ஸ்பாஞ்ச் ரெண்டு மூணு வருஷ சூட்டுல மாவா உதிரும், உதிர்ந்தா அந்தத் துண்டு கார்ப் வழியா வால்வுக்குத்தான் போகும். விரலால அழுத்திப் பாருங்க, பொடிப்பொடியா கைல ஒட்டுனா அன்னைக்கே கழட்டிருங்க.

ஃபில்டரே இல்லாம வெறும் டிரம்பட் (புனல் மாதிரி திறந்த வாய்) மட்டும் வச்சு ஓட்டுறவங்களப் பார்த்தா எனக்கு மனசு அடிச்சுக்கும். கரும்புக் கரியும் கடற்கரை மணலும் பறக்கிற ஊர்ல அது சிலிண்டருக்குள்ள உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி. இன்னொண்ணு, இஞ்சின் பேக்ஃபையர் அடிச்சா நெருப்பு கார்ப் வாய் வழியாத்தான் வெளிய வரும், நல்ல ஃபில்டர் அத கொஞ்சம் தடுத்து நிறுத்தும்.

சரி, ஃபில்டர மாத்துனா கார்ப ஏன் தொடணும்? எஸ்யூவோட ஃப்ளோட் சேம்பர், அதாவது பெட்ரோல் நிக்கிற கிண்ணம், வெளிக்காத்தோட பிரஷர்ல இருக்கு, ஆனா ஜெட் (பெட்ரோல் வெளிய வர்ற சின்னக் குழாய்) இருக்கிற தொண்டைல காத்து ஃபில்டர் வழியா வருது. ஃபில்டர் அடைச்சுக்கிட்டா தொண்டைல பிரஷர் எறங்கும், சேம்பர்ல இருந்து பெட்ரோல் கூடுதலா ஏறும், மிக்சர் ரிச் ஆகும், அதாவது காத்துக்குத் தேவையானதவிட பெட்ரோல் அதிகம், கருப்புப் புகை வரும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்க, பழைய இறுக்கமான டப்பாவ எடுத்துட்டு நல்லா காத்து விடுற ஃபில்டர் போட்டா மிக்சர் லீன் ஆகும், அதாவது பெட்ரோல் கம்மி. லீன்ல ஓடுனா இஞ்சின் சூடாகும், பாரம் இழுக்காது, ரொம்ப நாள் அப்படியே விட்டா எக்ஸாஸ்ட் வால்வு எரியும். அதனாலதான் சொல்றேன், ஃபில்டருக்கு காசு குடுக்கிற அன்னைக்கே ட்யூனிங்குக்கும் ஒரு காலைப்பொழுது ஒதுக்கிருங்க.

இப்ப அந்த கேஸ்கெட் விஷயம். ஹெச்எஸ்2, ஹெச்எஸ்4 கார்போட வாய்ப்பக்கத்துல, ஃபில்டர் போல்ட் மாட்டுற ஓட்டை தவிர மேல ரெண்டு சின்ன ஓட்டை இருக்கும். அது கார்புக்குள்ள மேலயும் கீழயும் நகர்ற பிஸ்டனுக்கு (இஞ்சின் பிஸ்டன் இல்ல) அடில காத்து போற வழி. மேல வேக்குவம் இழுக்க, கீழ இந்த ஓட்டை வழியா காத்து வர, அப்பத்தான் பிஸ்டன் ஏறும். கேஸ்கெட்டத் தலைகீழா போட்டா அந்த ரெண்டு ஓட்டையும் மூடிக்கும், பிஸ்டன் முழுசா ஏறாது, வண்டி ஐடிலிங்ல (ஆக்சிலரேட்டர் மிதிக்காம) நல்லா ஓடும், ஆக்சிலரேட்டர் மிதிச்சா செத்துப்போகும். மாப்பிள்ளை வண்டில இதேதான். ஏன் எனக்கு உடனே தெரிஞ்சுதுன்னா, பல வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே தப்பப் பண்ணி ரெண்டு வாரம் டிஸ்ட்ரிபியூட்டர், காயில், பெட்ரோல் பம்புன்னு ஒண்ணு விடாம கழட்டிப் பார்த்தேன், கடைசில தெருக்கோடில இருந்த வயசான மெக்கானிக் அங்கிள் ஒருத்தர் வந்து "ஃபில்டர கழட்டு தம்பி, வாயப் பார்க்கணும்"னு சொல்லி அஞ்சு நிமிஷத்துல காட்டுனாரு. ஃபில்டரோட பின் தகட்டுலயும் அந்த ஓட்டைக்கு நேரா வழி இருக்கான்னு பாருங்க, சில மலிவு ஃபில்டர்ல இருக்காது.

ப்ரீதர் பைப்பையும் மறந்துராதீங்க. பழைய டப்பாவுல இஞ்சின் புகை வர்ற ரப்பர் குழாய் ஒண்ணு செருகி இருக்கும், புது ஃபில்டர்ல அதுக்கு இடம் இல்லன்னு அப்படியே தொங்க விட்டுருவாங்க, அப்ப அந்த வழியா தூசி இஞ்சின் ஆயிலுக்கே போகும். குழாய் மாட்டுற மூக்கு இருக்கிற ஃபில்டரா பார்த்து வாங்குங்க. ப்ரீதர் நேரா கார்புல மாட்டுற மாடலா இருந்தா ஆயில் ஊத்துற மூடி சரியானதா, இறுக்கமா இருக்கான்னு பாருங்க, அங்க காத்து லீக் ஆனா மிக்சர் எப்பவும் லீனாவே காட்டும், நீங்க நாள் பூரா நட்டத் திருப்பிட்டு இருப்பீங்க.

கார்ப தொடுறதுக்கு முன்னாடி மத்தது எல்லாம் சரியா இருக்கணும், ஏன்னா கார்ப் கோளாறுன்னு வர்றதுல பாதி இக்னிஷன் கோளாறு. டேப்பெட் (வால்வு இடைவெளி) இஞ்சின் ஆறுனப்புறம் 12 தௌ (இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு தௌ), பாயிண்ட் கேப் 15 தௌ, பிளக் கேப் 25 தௌ, இது என் இஞ்சினுக்கு. டைமிங் (பிளக் பொறி விடுற நேரம்) உங்க வண்டி புக்குல என்ன இருக்கோ அது. அப்புறம் த்ராட்டில் ஸ்பிண்டில (ஆக்சிலரேட்டர் மிதிச்சா கார்புல திரும்புற தண்டு) பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, ஐம்பது வருஷத்துல அது தேஞ்சிருக்கும், ஆட்டம் இருந்தா அந்த இடுக்குல காத்து உள்ள போகும், அத சரி பண்ணாம எந்த ட்யூனிங்கும் நிக்காது. கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சு லீக் கண்டுபிடிக்கலாம்னு சொல்வாங்க, நம்ம இஞ்சின்ல சூடான எக்ஸாஸ்ட் நேர் கீழ இருக்கு, தயவுசெஞ்சு அதச் செய்யாதீங்க. வேலைய வெளில வெட்டவெளில வச்சுப் பண்ணுங்க, கராஜ் கதவ மூடிட்டு இஞ்சின் ஓட விட்டா அந்தப் புகை ஆளையே கொல்லும், பக்கத்துல ஒரு நெருப்பணைப்பான் இருக்கட்டும், பெட்ரோல் ஹோஸ் வெடிச்சிருந்தா முதல்ல அத மாத்துங்க.

இப்ப எஸ்யூ ட்யூனிங்.

கார்புக்கு மேல மூடி மாதிரி இருக்கிற டேஷ்பாட்ட அடையாளம் போட்டு கழட்டுங்க, பிஸ்டன நேரா தூக்குங்க, அதுக்கு அடில ஜெட்டுக்குள்ள போற ஊசி, அதாவது நீடில், வளைஞ்சிடக் கூடாது. ரெண்டையும் சுத்தமான துணியால துடைங்க, எமரி பேப்பர் பக்கமே போகாதீங்க, அந்த இடைவெளிதான் இந்தக் கார்போட உயிர். நீடில் ஓரத்துல எழுத்து அடிச்சிருக்கும், அத நோட்ல எழுதி வச்சுக்கங்க. நிலையா பிடிச்ச பழைய மாடல் நீடில்னா அதோட தோள் பிஸ்டன் அடிப்பக்கத்தோட சமமா இருக்கணும்.

அடுத்து ஜெட். கார்புக்குக் கீழ இருக்கிற ஆறுபட்டை நட்ட மேல ஏத்துனா ஜெட் மேல வரும், மிக்சர் லீன். கீழ இறக்குனா ரிச். ஜெட் கார்புக்குள்ள இருக்கிற பாலத்தோட (தொண்டைல குறுக்க இருக்கிற மேடு) சமமா வர்ற வரைக்கும் ஏத்துங்க, அப்புறம் ரெண்டு முழு சுத்து, அதாவது பன்னெண்டு பட்டை, கீழ இறக்குங்க. ஆரம்பிக்க இது போதும். சோக் கேபிள் தளர்வா இருக்கான்னு பாருங்க, ஜெட் நகர ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணரை மில்லிமீட்டர் மாதிரி சும்மா இழுபடணும், இல்லன்னா சோக் பாதி போட்ட மாதிரியே வண்டி ஓடிட்டு இருக்கும்.

பிஸ்டன மாட்டிட்டு விரலால தூக்கி விடுங்க, "டிக்"னு கீழ வந்து உக்காரணும். நட்ட முழுசா மேல ஏத்தி வச்சப்ப அந்தச் சத்தம் வரல, இறக்குனா மட்டும் வருதுன்னா ஜெட் நடுவுல இல்ல, நீடில் ஓரமா உரசுது, சென்டர் பண்ணித்தான் ஆகணும்.

டேஷ்பாட்ல எண்ணெய். எஸ்ஏஈ 20 எண்ணெய்னு புக்குல இருக்கும், டர்பன் வெயிலுக்கு நான் இஞ்சின்ல ஊத்துற 20டபிள்யூ50யே விடுறேன், பிரச்சனை இல்ல. மூடில காத்து ஓட்டை இருக்கிற மாடல்னா பிஸ்டன் குழாய் வாய்க்கு மேல அரை இஞ்ச் வரைக்கும் நிக்கணும். எண்ணெய் இல்லன்னா ரோபோல (டிராஃபிக் சிக்னல்) பச்சை விழுந்து மிதிச்ச உடனே வண்டி ஒரு நொடி தடுமாறி அப்புறம் போகும். நெறைய பேர் இதுக்கு ஜெட் மாத்தப் போறாங்க, ஒரு ஸ்பூன் எண்ணெய்ல தீர்ற வேலை அது.

இஞ்சின நல்லா சூடாக்குங்க, பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, வாசல்ல நிறுத்தி ஐடிலிங்ல விட்டு சூடாக்குறது போதாது. ஃபில்டர மாட்டிட்டே கடைசி செட்டிங்கப் பாருங்க, அத கழட்டி வச்சு செட் பண்ணா நீங்க ஓட்டப் போற வண்டி வேற. ஐடிலிங் 750 ஆர்பிஎம் பக்கம் வச்சுட்டு, கார்ப் ஓரத்துல பிஸ்டனத் தூக்குறதுக்குன்னு இருக்கிற சின்ன குச்சி மாதிரி பின்ன மெதுவா மேல தள்ளுங்க. முதல்ல கொஞ்சம் சும்மா நகரும், பிஸ்டன் தொட்டதும் ஒரு மில்லி கூட வேண்டாம், அதுக்கும் கம்மியா தூக்குங்க. இஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்னா ரிச், நட்ட ஒரு பட்டை மேல. உடனே தடுமாறி அணையப் பார்த்தா லீன், ஒரு பட்டை கீழ. லேசா ஏறி திரும்ப பழைய வேகத்துக்கு வந்தா சரியா இருக்கு. ஒவ்வொரு பட்டைக்கும் நடுவுல லேசா ஒரு ரெய்ஸ் குடுத்து விடுங்க, மூணு நிமிஷத்துக்கு மேல ஐடிலிங்லயே நின்னா பிளக்ல கரி படிஞ்சு உங்கள ஏமாத்தும்.

இதுல தெரியறது ஐடிலிங் மட்டும். ரோட்டுல எப்படின்னு பார்க்க என்2 ஹைவேல நல்ல மேட்டுல மூணாவது கியர்ல மிதிச்சு ஏத்திட்டு, பின்னாடி வண்டி இல்லாத இடத்துல ஓரமா கிளட்ச் மிதிச்சு இஞ்சின அணைச்சு நிறுத்துங்க, ஸ்டீயரிங் லாக் இருக்கிற வண்டினா சாவிய முழுசா திருப்பாதீங்க. பிளக்க கழட்டிப் பாருங்க, வெளிறுன பழுப்பு நல்லது, கரி படிஞ்சிருந்தா ரிச், வெள்ளையா இருந்தா லீன். இங்க 2006லயே ஈயம் கலந்த பெட்ரோல் நின்னு போச்சு, அதனால அப்பா காலத்துல பார்த்த அந்த அழகான காபி கலரு இப்ப வராது, அதவிட வெளிறித்தான் இருக்கும், அதப் பார்த்து லீன்னு பயந்து ரிச்சாக்கிராதீங்க. ஐடிலிங்ல சரியா இருந்து மேட்டுல மட்டும் லீனா இருந்தா நட்ட திருப்பிப் பிரயோஜனம் இல்ல, ஃபில்டருக்கு ஏத்த மாதிரி ரிச்சான நீடில் மாத்தணும். மாப்பிள்ளை மினில கேஸ்கெட்ட சரியா போட்டப்புறமும் இதுதான் வேண்டியிருந்துச்சு. மைனர்ல நான் பழைய டப்பாவுக்கே திரும்பிட்டேன், பழைய நீடிலே போதும்.

ரெண்டு கார்ப் இருக்கிற எம்ஜிபி மாதிரி வண்டில, மிக்சருக்கு முன்னாடி ரெண்டும் ஒரே அளவு காத்து இழுக்குதான்னு ரப்பர் குழாய காதுல வச்சு "உஸ்"ங்கிற சத்தத்த ஒப்பிட்டு சரி பண்ணுங்க. கார்ட்டினால வெபர் 32/36 இருந்தா மிக்சர் ஸ்க்ரூவ மெதுவா முழுசா மூடி, இறுக்காம, ரெண்டு சுத்து திறங்க, அங்கிருந்து இஞ்சின் எங்க நல்லா வேகமா சமமா ஓடுதோ அங்க நிறுத்துங்க. ஆனா அந்த ஸ்க்ரூ ஐடிலிங்குக்கு மட்டும்தான், ஃபில்டர் மாத்துனதுக்கு மெயின் ஜெட் நம்பர்தான் பதில். பீட்டில் சோலெக்ஸும் அதே கதை, அந்த ஆயில் பாத்த மட்டும் எடுத்துராதீங்க.

வெயில் பத்தி ஒண்ணு. தைப்பூசக் காவடிக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயிலுக்குப் போறப்ப கொளுத்துற வெயில்ல கார் வரிசைல ஊர்ந்து போகணும், அங்கதான் பழைய வண்டியெல்லாம் வரிசையா நிக்கும், பானட் தூக்கி. அது ட்யூனிங் கோளாறு இல்ல, கார்புல பெட்ரோல் சூடாகி ஆவியாகுது. கார்புக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல இருக்கிற சூடு தடுக்கிற தகடும் தடிச்ச ஸ்பேசரும் இருக்கான்னு பாருங்க, நெறைய வண்டில யாரோ கழட்டிப் போட்டிருப்பாங்க.

கடைசியா ஜோஹன்னஸ்பர்க். நம்ம ஊர் கடல் மட்டம், அது 1,750 மீட்டர். என்3ல பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி மூயி ரிவர், வான் ரீனன்ஸ் பாஸ்னு ஏற ஏற காத்து மெலிசாகும், மேல போய்ச் சேரும்போது ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு காத்து கம்மி. கார்ப் அதுக்கேத்த மாதிரி பெட்ரோலக் குறைக்காது, அதனால வண்டி தானா ரிச் ஆகும், லெனேசியால சித்தப்பா வீட்டு வாசல்ல நிக்கும்போது ஐடிலிங் குதிக்கும், பெட்ரோல் வாடை வரும், மைலேஜ் விழும். பவரும் அதே அளவு குறையும், அத எந்த ட்யூனிங்காலயும் திரும்ப வாங்க முடியாது, துரத்தாதீங்க. ரிச்ச மட்டும் சரி பண்ணலாம். என் மைனருக்கு மேல போனதும் நட்டு ரெண்டு பட்டை மேல, பின் தூக்கிப் பார்த்து உறுதி பண்ணிக்குவேன். ரெண்டு நாள்ல திரும்பி வர்றதா இருந்தா தொடவே மாட்டேன், கொஞ்சம் ரிச்ல ஓடுனா இஞ்சின் சாகாது.

கீழ வர்றதுதான் ஆபத்து. மேல லீன் பண்ண வண்டிய அப்படியே டர்பனுக்குக் கொண்டு வந்தா, இங்க இருக்கிற கனமான காத்துக்கு அது நிஜமாவே லீன், வால்வு எரியறது இப்படித்தான். மேல டைமிங்க ரெண்டு டிகிரி அட்வான்ஸ் பண்ணிருந்தா அதையும் திருப்பி வைக்கணும், அதுவும் டேங்க்ல அங்க போட்ட 93 ஆக்டேன் பெட்ரோல் இருந்தா ஃபீல்ட்ஸ் ஹில் மாதிரி மேட்டுல கணகணன்னு நாக்கிங் சத்தம் கேக்கும். நான் மேல நட்ட திருப்புன அன்னைக்கே ஒரு துண்டு மாஸ்கிங் டேப்ல "2 பட்டை மேல" அப்படின்னு எழுதி ஃபில்டர் டப்பா மூடில ஒட்டிருவேன். டர்பன் வந்து பானட்டத் திறந்தா முதல்ல கண்ணுல படுறது அதுதான், ஸ்பேனர எடுத்து ரெண்டு பட்டை கீழ இறக்கிட்டுத்தான் டேப்பப் பிச்சு எடுப்பேன்.